இன்னும் ஒரு சாமம் பாக்கி

போன பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கிரிவலக் கூட்டம் வடிந்து, செங்கம் சாலையில் துப்புரவுப் பணியாளர்கள் மலை மலையாகக் குப்பையைக் கூட்டிக் கொண்டிருந்தார்கள். எங்கள் தெரு ரமணாசிரமத்திலிருந்து இரண்டு சந்து தள்ளி. வாசலில் நாற்காலி போட்டு மயில் அகவுவதைக் கேட்டபடி காபி குடித்துக் கொண்டிருந்தேன். எதிர்வீட்டு நண்பர் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் மாலை என்னோடு நடக்க வருபவர்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க. நேத்து ராத்திரி கிரிவலப் பாதையில ஒருத்தர்கிட்ட வாங்கினேன். பேத்திக்கு வாய்ப்புண். விரல் நுனியில துளி தொட்டு நாக்குல தடவினா போதும்னு சொன்னாரு. நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார் ஆச்சே, ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தடவலாம்னு..."

பொட்டலத்தைப் பிரித்தேன். வெள்ளைப் பொடி. அளவுக்குப் பொருந்தாத கனம். காகிதத்தில் நீல மையில் 'பூரம்' என்று எழுதியிருந்தது.

"குழந்தைக்குக் கொடுத்துட்டீங்களா?"

"இல்ல சார், இனிமேதான்."

"கொடுக்காதீங்க. இது இங்கேயே இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் போன பிறகு வெகுநேரம் அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் என் தாத்தா.

தாத்தா செங்கம் பக்கத்துக் கிராமத்தில் நாட்டு வைத்தியர். ஜவ்வாது மலையிலிருந்து மூலிகை கொண்டு வந்து கொடுப்பவர்கள் எங்கள் திண்ணையில்தான் மூட்டையை இறக்குவார்கள். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அதாவது 1961 வாக்கில், கோடை விடுமுறையில் என் வேலை கல்வம் அரைப்பது. கல்வம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. படகு மாதிரி குழிந்த கருங்கல், அதற்கேற்ற குழவி. அம்மியில் அரைப்பது போல் முன்னும் பின்னும் தள்ள வேண்டும்.

ஒரு நாள் ஏதோ ஒரு மெழுகு மருந்துக்காக ரசத்தையும் வீரத்தையும் சேர்த்து அரைக்கச் சொன்னார். ரசம் என்றால் பாதரசம். வீரம் என்பது வெள்ளைப் படிகம், கடும் விஷம். முகத்தில் ஈரத் துணி கட்டிவிட்டார். விரலை வாயில் வைத்தால் தோலை உரித்துவிடுவேன் என்றார். வெள்ளிக் குண்டுமணிகளாக ஓடிக்கொண்டிருந்த ரசம், அரைக்க அரைக்கச் சின்னதாகி, பிறகு கண்ணுக்கே தெரியாமல் போனது. கலவை முதலில் சாம்பல் நிறமாக இருந்து, மெல்ல மெல்ல வெளுத்தது. எனக்குக் கை விட்டுப்போய்விட்டது.

"தாத்தா, ரசம் மடிஞ்சு போச்சு. போதுமா?"

அவர் குனிந்து பார்த்தார். "கண்ணுக்கு மடிஞ்சிருக்கு. இன்னும் ஒரு சாமம் பாக்கி இருக்குடா" என்றார்.

ஒரு சாமம் என்றால் மூன்று மணி நேரம். நான் அழுதுகொண்டே அரைத்தேன்.

பின்னாளில் வேதியியல் படித்து, எம்.எஸ்சி. முடித்து, ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது தாத்தாவின் சாமக் கணக்கை நான் கேலி செய்திருக்கிறேன். திடப்பொருள்கள் ஒன்றோடொன்று வினை புரிவதில்லை, கரைத்தால்தான் வினை நடக்கும் என்று வகுப்பில் சொல்வேன். நானும் அப்படித்தான் படித்தேன். கரையாதது வினை புரியாது என்பது பழைய ரசவாதிகள் காலத்திலிருந்து வரும் வழக்கு. பத்து வருடத்துக்கு மேல் இதைச் சொல்லிக் கொடுத்தேன். அது தவறு என்று எனக்குக் காட்டியது ஒரு மாணவி. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் கல்வத்தின் சரித்திரம்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டில் தியோஃப்ராஸ்டஸ் என்ற அறிஞர் இருந்தார். அரிஸ்டாட்டிலின் சீடர். கற்களைப் பற்றி எழுதிய நூலில் பாதரசம் எடுக்கும் முறை ஒன்றைச் சொல்கிறார். லிங்கம் என்று நம் வைத்தியர்கள் சொல்லும் சிவப்புத் தாதுவைக் காடி விட்டு, செம்பு உரலில் செம்பு உலக்கையால் அரைத்தால் பாதரசம் வரும். உரலே இங்கே வினையில் சேர்கிறது. லிங்கத்திலுள்ள கந்தகத்தைச் செம்பு பிடித்துக்கொள்ள, பாதரசம் விடுபடுகிறது. அரைத்தே நடத்திய வேதிவினைக்கு எழுத்தில் உள்ள மிகப் பழைய சான்று இதுதான் என்பார்கள்.

அடுத்தது மெக்சிகோ. 1550-களில் பார்த்தலோமே தே மெதீனா என்ற ஸ்பானியர் பச்சூக்கா என்ற ஊரில் வெள்ளி எடுக்க ஒரு புது வழி கண்டார். வெள்ளித் தாதுவை மாவாக அரைத்து, உப்பும் செம்புச் சத்து கொண்ட ஒரு பொடியும் பாதரசமும் சேர்த்து, கல் பாவிய முற்றத்தில் சேறாகப் பரப்பிக் கோவேறு கழுதைகளை விட்டு மிதிக்கச் செய்வார்கள். நம் ஊரில் களத்தில் மாடு கட்டிப் போரடிப்பது போல. உப்பிலுள்ள குளோரின் வெள்ளியோடு சேர்ந்து சில்வர் குளோரைடு ஆகும். பாதரசம் அந்தக் குளோரினைப் பிடுங்கிக்கொண்டு வெள்ளியை விடுவிக்கும். குளோரினைப் பிடுங்கிய பாதரசம் என்ன ஆகிறது? மெர்க்குரஸ் குளோரைடு. அதாவது, என் நண்பர் பொட்டலத்தில் கொண்டு வந்த அதே பூரம்! அங்கே அது கழிவு. சேற்றோடு போகும் நஷ்டம்.

இந்த வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். குளிர் அதிகமானால் இன்னும் தாமதம். நாலாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் பொட்டோசி நகரில் கலவைத் தொட்டிகளுக்குக் கீழே தீ மூட்டினார்கள் என்றால் பாருங்கள். முடிந்ததா இல்லையா என்று சொல்லத் தனியாக ஒரு நிபுணர் இருந்தார். சேற்றில் ஒரு கை அள்ளிக் கழுவி, பாதரசத்தின் நிறத்தையும் அது திரளும் விதத்தையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். சீக்கிரம் நிறுத்தினால் வெள்ளி சேற்றோடு போய்விடும். தேவைக்கு மேல் விட்டால் பாதரசம் வீண். முற்றத்தில் மிக முக்கியமான ஆள் அவர்தான்.

இப்படி ஓர் உலோகம் இன்னோர் உலோகத்தின் குளோரைடிலிருந்து குளோரினைப் பிடுங்குவதைக் காய்ந்த நிலையில், வெறும் பொடிகளாக, கல்வத்திலேயே செய்து காட்டியவர் மைக்கேல் ஃபாரடே. ஆண்டு 1820. மின்சாரத்தில் அவர் புகழ் பெறுவதற்கு முன்பு. புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகி, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு 28 வயது. சில்வர் குளோரைடுப் பொடியைத் துத்தநாகம், வெள்ளீயம், இரும்பு, செம்பு ஆகிய ஒவ்வொன்றோடும் சேர்த்து அரைத்தார். நான்கிலும் வெள்ளி விடுபட்டது. துத்தநாகத்தோடு அரைத்தபோது நல்ல சூடு கிளம்பியது.

ஏன் துத்தநாகத்தோடு மட்டும் அவ்வளவு சூடு? இன்றைய அட்டவணைகளை வைத்துக் கணக்குப் போடலாம். இரண்டு மோல் சில்வர் குளோரைடை ஒரு மோல் துத்தநாகம் வெள்ளியாக்கும்போது சுமார் 160 கிலோ ஜூல் வெப்பம் வெளிவரும். இரும்பானால் சுமார் 90. வெள்ளீயமானால் சுமார் 70. செம்பானால் சுமார் 20 மட்டுமே. நடக்கும் என்று எல்லாக் கணக்கும் சொல்கிறது. எவ்வளவு நேரத்தில் நடக்கும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கதை.

வருடம் 1986. அப்போது எங்கள் ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989-ல்தான். நான் வேலை பார்த்த கல்லூரி ஆய்வகத்தில் சில்வர் நைட்ரேட் என்றால் தங்கம் மாதிரி பூட்டி வைப்போம். மாணவர்கள் உப்பின் அளவு கண்டுபிடிக்கும் சோதனையில் அதைப் பயன்படுத்துவார்கள். சோதனை முடிந்து மிஞ்சும் வண்டலைக் கொட்டவிட மாட்டேன். பழுப்பு பாட்டில்களில் சேர்த்து, சுத்தம் செய்து, சில்வர் குளோரைடாக உலர்த்தி வைப்பேன். நூறு கிராம் சில்வர் குளோரைடில் 75 கிராம் வெள்ளி இருக்கிறது. அதை நீர்த்த அமிலத்தில் போட்டுத் துத்தநாகம் சேர்த்தால் வெள்ளி கிடைக்கும். நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் மறுபடி சில்வர் நைட்ரேட். வருடத்துக்குச் சில நூறு ரூபாய் மிச்சம்.

அந்த வருடம் ஒரு மாணவி கேட்டாள், "சார், தண்ணி, ஆசிட் எதுவும் இல்லாம, ரெண்டு பொடியையும் நேரா அரைச்சா வெள்ளி வருமா?"

"ரெண்டு பொடியை அரைச்சா மூணாவதா ஒரு பொடி வரும். கலவைப் பொடி. வேணும்னா அரைச்சுப் பாரு" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் பீங்கான் கல்வத்தில் ஒரு கரண்டி சில்வர் குளோரைடும், அதற்கேற்ற துத்தநாகப் பொடியும் போட்டு அரைக்க ஆரம்பித்தாள். நான் வேறு மேஜைக்குப் போய்விட்டேன். சற்று நேரத்தில் குரல் கேட்டது. "சார், சூடாவுது சார்!"

திரும்புவதற்குள் சீறல் சத்தம். வெள்ளையாக இருந்த பொடி கரிய சாம்பலாகி, லேசாகப் புகைந்தது. அவள் பயந்து கையை விட, கல்வம் மேஜை விளிம்பில் பட்டுப் பிளந்தது. கட்டை விரலில் ஒரு கொப்புளம். கண்ணாடி அணியச் சொல்லவில்லை, பக்கத்தில் நிற்கவில்லை, அளவைக் கேட்கவில்லை. மூன்றும் என் தப்பு. கல்வத்தின் விலையை நான் கட்டினேன். விரல் நுனியில் கொப்புளத்தோடு முடிந்தது அவளுடைய அதிர்ஷ்டம், என்னுடையதும்கூட.

மறுநாள் அந்தக் கரிய பொடியை இருவரும் சோதித்தோம். தண்ணீரில் கழுவினோம்; துத்தநாகக் குளோரைடு கரைந்து போனது. மிச்சத்தை நைட்ரிக் அமிலத்தில் போட்டோம். வெள்ளி கரைந்தது. அடியில் மட்டும் வெள்ளையாக ஒரு வண்டல் நின்றது. அம்மோனியா விட்டதும் கரைந்துபோனது. சந்தேகமில்லை, வினை புரியாமல் மிஞ்சிய சில்வர் குளோரைடுதான்.

"அவ்வளவு சூடு வந்துச்சே சார், இன்னும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. பொடியும் பொடியும் வினை புரியாது என்ற என் பாடம் முதல் நாள் பொய்யானது. வினை சீறிக்கொண்டு நடந்தால் முடிந்துவிட்டது என்ற என் எண்ணம் மறுநாள் பொய்யானது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 'கண்ணுக்கு மடிஞ்சிருக்கு' என்ற தாத்தாவின் குரல் இருபத்தைந்து வருடம் கழித்துக் காதில் விழுந்தது.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். ஏன் மிஞ்சுகிறது என்பதற்கு விடை 1920-களில் ஜெர்மனியில் கிடைத்திருக்கிறது. குஸ்டாவ் டாமன் உலோகத்தின் மேல் படியும் மங்கல் எப்படித் தடிக்கிறது என்று அளந்தார். வில்ஹெல்ம் யான்டர் 1927-ல் அதே எண்ணத்தைப் பொடிகளுக்குப் பொருத்தினார்.

விஷயம் இதுதான். இரண்டு பொடிகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் வினை உடனே நடக்கும். ஆனால் உண்டாகும் புதுப் பொருள் நடுவில் ஒரு தோலாகப் படியும். பால் காய்ந்ததும் மேலே ஆடை படிகிறதல்லவா, அதுபோல. இனி வினை நடக்க வேண்டுமானால் ஒரு பக்கத்து அணுக்கள் அந்தத் தோலைத் துளைத்து மறுபக்கம் போய்ச் சேர வேண்டும். தோல் தடிக்கத் தடிக்கப் பயணம் நீளும். தோல் இரண்டு மடங்கு தடிக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். பத்து மடங்கு தடிக்க நூறு மடங்கு. முதல் மைக்ரான் தோல் ஒரு மணி நேரத்தில் படிந்தது என்றால், பத்து மைக்ரான் படிய நூறு மணி நேரம். நான்கு நாளுக்கும் மேல்! ஆரம்பத்தில் வேகமாக ஓடி, கடைசியில் நகரவே மாட்டேன் என்று அடம் பிடிப்பது திடப்பொருள் வினைகளின் சுபாவம்.

அரைத்தல் இங்கேதான் வருகிறது. குழவி அந்தத் தோலை உடைக்கிறது, உள்ளே மறைந்திருக்கும் புதுப் பரப்பை வெளியே கொண்டு வருகிறது. துகளையும் சிறிதாக்குகிறது. துகளின் அளவு பாதியானால் முடியும் நேரம் கால்வாசியாகும். தாத்தா சொன்ன அடுத்த சாமம் இந்த வேலையைத்தான் செய்தது.

அரைப்பது சூடாக்குவதன் இன்னொரு வடிவம்தானே என்று நினைக்கலாம். அதுவும் இல்லை என்று காட்டியவர் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் இருந்த கேரி லீ. 1892 முதல் 1894 வரை எழுதிய கட்டுரைகளில் அவர் சொன்னது இது: சில்வர் குளோரைடைச் சூடாக்கினால் உருகுமே தவிரச் சிதையாது. மெர்க்குரிக் குளோரைடு, அதாவது வீரம், சூடாக்கினால் ஆவியாகி மேலே போய் அப்படியே படியும். ஆனால் இரண்டையும் கல்வத்தில் அழுத்தி அரைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகின்றன. தீயால் ஆகாதது கையால் ஆகிறது.

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடந்தது. 1960-களில் கோரக்பூர் பல்கலைக்கழகத்தில் ரஸ்தோகி என்ற வேதியியலாளரும் அவர் மாணவர்களும், நூல் போன்ற கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு பொடிகளை எதிரெதிராக நிரப்பி, நடுவில் நிறம் மாறும் பகுதி நேரத்துக்கு நேரம் எவ்வளவு வளர்கிறது என்று அளந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவற்றுள் வெள்ளியின் அயோடைடும் பாதரசத்தின் அயோடைடும் ஒரு ஜோடி. நான் எம்.எஸ்சி. படித்த காலத்துக்கு முன்பே நம் நாட்டில் செய்து முடித்த வேலை இது. நான்தான் பத்து வருடம் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, வெள்ளி மிஞ்சினால் சில நூறு ரூபாய் நஷ்டம். தாத்தாவின் கல்வத்தில் மிஞ்சினால்?

ரசமும் வீரமும் சேர்ந்தால் பூரம். வேதியியல் பெயரில் சொன்னால், பாதரசமும் மெர்க்குரிக் குளோரைடும் சேர்ந்து மெர்க்குரஸ் குளோரைடு. ஐரோப்பாவில் இதைக் கேலமல் என்றார்கள். அம்மோனியா பட்டால் கறுக்கும். 'அழகிய கறுப்பு' என்ற கிரேக்கச் சொற்களிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பார்கள். நம் ஊர்ப் பழைய முறை வேறு. ரசத்தோடு உப்பு, செங்கல் தூள், படிகாரம் முதலியவற்றைச் சேர்த்துப் பானையில் மூடிச் சீலைமண் பூசி எரித்து, மேல் பானையில் படிவதைச் சுரண்டுவார்கள். ஐரோப்பிய மருந்துக் கடைக்காரர்கள் நான்கு பங்கு வீரத்துக்கு மூன்று பங்கு ரசம் என்று அரைத்தார்கள். அணு எடைப்படி நான்கு பங்கு வீரத்துக்கு 2.96 பங்கு ரசம் வேண்டும். மூன்று என்பது ஒரு சிட்டிகை அதிகம். வேண்டுமென்றே வைத்தது போலப் பொருத்தம்: ரசம் மிஞ்சலாம், வீரம் மிஞ்சக் கூடாது.

வீரம் தண்ணீரில் நன்றாகக் கரையும். 100 மில்லியில் சுமார் 7 கிராம். பூரம் கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம். இந்த வித்தியாசம்தான் ஒன்றைக் கொல்லும் விஷமாகவும் மற்றொன்றை மருந்தாகவும் நினைக்க வைத்தது. பழைய பிரிட்டிஷ் மருந்து நூலில் வீரத்தின் உச்ச அளவு ஒரு கிரெய்னில் பதினாறில் ஒரு பங்கு. ஒரு கிரெய்ன் என்பது 65 மில்லி கிராம். 1793-ல் பிலடெல்ஃபியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவர் ஒரு வேளைக்குப் பத்து கிரெய்ன் கேலமல் கொடுத்தார். அந்தப் பத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு வீரம் வினை புரியாமல் மிஞ்சியிருந்தால் பத்தில் ஒரு கிரெய்ன். உச்ச அளவையும் தாண்டிவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வினை முடிந்தும் போதவில்லை!

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர்களும் சென்னை ராஜதானியில் காய்ச்சல், கல்லீரல் வீக்கம், சீதபேதி, காலரா எல்லாவற்றுக்கும் கேலமலை அள்ளிக் கொடுத்தவர்கள்தான். அவர்களில் ஒருவரான ஐன்ஸ்லி 1813-ல் சென்னையில் அச்சிட்ட மருந்துச் சரக்கு நூலில் நம் வைத்தியர்களின் சரக்குகளையும் தமிழ்ப் பெயரோடு சேர்த்திருக்கிறார். சரக்கு ஒன்றுதான், பெயர்தான் வேறு.

நல்ல மருந்துக் கடைக்காரர்கள் அரைத்ததோடு நிறுத்தவில்லை. அரைத்ததை ஆவியாக்கிப் படியவிட்டு, பொடித்து, கொதிநீரில் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். கழுவிய நீரில் அம்மோனியா விட்டுப் பார்த்தார்கள். வெள்ளையாகத் திரிந்தால் வீரம் இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவு. திரியாமல் தெளிவாக நின்றால்தான் புட்டியில் அடைப்பு. மெக்சிகோ முற்றத்து நிபுணர் செய்ததும் இதே வேலைதான்.

தாத்தாவிடம் அந்தச் சோதனை இல்லை. அவர் ஒரு செப்புக் காசில் ஈரத்தோடு தேய்த்துப் பார்ப்பார். வெள்ளி போல் பளபளத்தால் இன்னும் ஆகவில்லை என்பார். அந்தச் சோதனையே ஓர் உலோகமும் ஓர் உலோகக் குளோரைடும் புரியும் வினை. செம்பு குளோரினைப் பிடுங்க, பாதரசம் காசின் மேல் படிகிறது. ஆனால் ரசம் மிஞ்சினாலும் காசு வெளுக்கும், வீரம் மிஞ்சினாலும் வெளுக்கும், நேரம் கொடுத்துத் தேய்த்தால் பூரமும் வெளுக்க வைக்கும். எது மிஞ்சியது என்று காசு சொல்லாது. தாத்தாவுக்கு அன்றே எல்லாம் தெரியும் என்று சொல்லி மார் தட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நேரம்தான் முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் துணி கட்டத் தெரிந்திருந்தது. முடிந்ததா என்று நிச்சயமாகக் கண்டுபிடிக்கும் வழி தெரியவில்லை. அந்தச் சந்தேகம் அவருக்கே இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதற்கு இன்னும் ஒரு சாமம்?

சுத்தமான பூரமாவது சாதுவா என்றால், அதுவும் இல்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்த பொடிகளில் கேலமல் இருந்தது. கை கால் சிவந்து, தோல் உரிந்து, பகலும் இரவும் ஓயாமல் அழும் குழந்தைகளின் நோய்க்குப் 'பிங்க் நோய்' என்று பெயரிட்டார்கள். என்ன காரணம் என்று பல வருடம் தெரியவில்லை. 1940-களின் கடைசியில் ஜோசப் வார்கனி என்ற குழந்தை மருத்துவர் இந்தக் குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் இருப்பதைக் காட்டினார். 1950-களின் நடுவில் பிரிட்டனில் அந்தப் பொடிகள் நிறுத்தப்பட்டன. நோயும் ஏறக்குறைய மறைந்தது. கடைக்காரர் கழுவிச் சோதித்த, வீரம் மிஞ்சாத பூரம்தான் இதைச் செய்தது.

மறுபடி பொட்டலத்துக்கு வருகிறேன். என்னிடம் ஒரு சின்னப் புட்டி அம்மோனியா எப்போதும் இருக்கும், பழக்க தோஷம். பொடியில் அரிசி அளவு எடுத்து ஒரு துளி விட்டேன். கன்னங்கரேல் என்று கறுத்தது. பூரம்தான், பெயரில் பொய்யில்லை. பிறகு இன்னொரு துளிப் பொடியைத் தண்ணீரில் குலுக்கி, வடிதாளில் வடிகட்டி, தெளிந்த நீரில் அம்மோனியா விட்டேன். மெல்ல வெள்ளையாகத் திரிந்தது.

என் தொழிலுக்கு உண்மையாக ஒன்று சொல்ல வேண்டும். படிகாரம் கலந்திருந்தாலும் இதே போல வெளுக்கும். வீரம் இருக்கிறது என்று இதை வைத்துக் கோர்ட்டில் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒரு குழந்தையின் நாக்கில் வைக்கக் கூடாது என்று சொல்ல இவ்வளவு போதும். உண்மையில் இதுகூட வேண்டாம்; கறுத்ததே போதும்.

மாலையில் நண்பரிடம் விவரமாகச் சொன்னேன். ஆசிரமத்தில் பாராயணம் முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சித்த வைத்தியமே கூடாதுங்கறீங்களா சார்?" என்றார்.

"என் தாத்தா வைத்தியர். நான் அப்படிச் சொல்வேனா? படிச்ச சித்த மருத்துவர்கிட்ட போங்க, பேர் தெரிஞ்ச மருந்தை வாங்குங்க. ரோட்டோரத்துல பொட்டலம் விக்கறவர் கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: இது முடிஞ்சுதான்னு எப்படிப் பார்த்தீங்க? பதில் இல்லேன்னா வாங்காதீங்க."

குழந்தைக்கு மருத்துவர் பார்த்து வேறு மருந்து கொடுத்தார். நான்கு நாளில் புண் ஆறிவிட்டது. பொட்டலத்தைச் சாக்கடையில் கொட்ட மனமில்லை. இங்கே கொட்டினால் எந்த ஏரிக்குப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, சீட்டு ஒட்டி, பழைய மாணவர் ஒருவரின் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அவர்கள் அபாயக் கழிவோடு சேர்த்துக்கொள்வார்கள்.

தாத்தாவின் கல்வம் இப்போது என் வீட்டுக் கொல்லையில், துளசி மாடத்துக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. கருங்கல், அழகாகத் தேய்ந்தது. என் மருமகள் அதைக் கழுவி இஞ்சி பூண்டு நசுக்க எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒருமுறை கேட்டாள். வேண்டாம்மா என்றேன். அறுபது வருடம் ஆகிவிட்டதே மாமா, நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போகாதா என்றாள்.

கல்லின் துளைகளுக்குள் எவ்வளவு ரசம் ஒளிந்திருக்கிறதோ, எனக்குத் தெரியாது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்பது மட்டும் தெரியும். அதனால் அது கவிழ்ந்தே கிடக்கிறது.